தலைமை இல்லாத உலகம் ஏன் ஆபத்தானது? கிண்டில்பெர்கர் பொறி: ஓர் அறிமுகம்

1933 ஜூன் மாதம், லண்டன் நிலவியல் அருங்காட்சியகத்தில் 66 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகப் பெருமந்தம் தொடங்கி நான்காவது ஆண்டு. ஆலைகள் மூடிக் கிடந்தன. துறைமுகங்களில் கப்பல்கள் சரக்கின்றி நின்றன. ஒவ்வொரு நாடும் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்து அடுத்த நாட்டின் சந்தையைப் பிடிக்கப் பார்த்தது. இந்தப் போட்டியை நிறுத்த ஓர் உடன்பாடு காண்பதே மாநாட்டின் நோக்கம். ஜூலை 3ஆம் தேதி அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தான் பயணம் செய்துகொண்டிருந்த போர்க்கப்பலில் இருந்தபடியே ஒரு செய்தி அனுப்பினார். நாணய மதிப்புகளை நிலைப்படுத்தும் ஏற்பாட்டில் அமெரிக்கா சேராது, ஒவ்வொரு நாடும் முதலில் தன் பொருளாதாரத்தைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பது அதன் சாரம். அந்த மாத இறுதியில் மாநாடு எதையும் சாதிக்காமல் கலைந்தது.

ரூஸ்வெல்ட்டை இதற்காகக் குறை சொல்வது எளிது. ஆனால் அன்று அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அவர் தன் மக்களை முதலில் நினைத்தார். அந்த அரங்கில் இருந்த மற்ற நாட்டுத் தலைவர்களும் அப்படியே நினைத்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து நினைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இன்றைய உலக அரசியலைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் இந்த மாநாட்டிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். அமெரிக்கா சரிகிறதா, சீனா முந்திவிடுமா, இந்தியா எத்தனையாவது இடம் என்ற பேச்சு தினமும் நம் காதில் விழுகிறது. முதலிடம் யாருக்கு என்பதைவிட, உலகத்தின் பொதுச் சுமையை யார் சுமப்பார்கள் என்பதுதான் சாதாரண மனிதர்களின் வாழ்க்கையை நேராகத் தொடும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத் தரும் கருத்துக்குத்தான் கிண்டில்பெர்கர் பொறி என்று பெயர்.

சார்லஸ் கிண்டில்பெர்கர் அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இருந்து மேற்கு ஐரோப்பாவை மீட்டெடுக்கும் மார்ஷல் திட்டத்தை உருவாக்க உழைத்தவர்களில் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பெருமந்தம் ஏன் அவ்வளவு ஆழமாக, அவ்வளவு நீண்ட காலம் நீடித்தது என்று ஆராய்ந்த அவர், 1973இல் ஒரு விடையை முன்வைத்தார். பழைய தலைவரான பிரிட்டனுக்குப் பொறுப்பைத் தொடர்ந்து சுமக்கும் வலு இல்லை. புதிதாக வலுப்பெற்ற அமெரிக்காவுக்கு அதை ஏற்கும் மனம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உலகம் விழுந்தது. 2017 ஜனவரியில், சீனாவின் எழுச்சியைப் பற்றி எழுதும்போது ஹார்வர்டு அறிஞர் ஜோசப் நை இந்த நிலைக்குக் கிண்டில்பெர்கரின் பெயரையே சூட்டினார்.

எழும் வல்லரசும் பழைய வல்லரசும் மோதிப் போர் மூளும் என்ற அச்சம் பரவலாகப் பேசப்படுகிறது. கிண்டில்பெர்கர் சுட்டும் ஆபத்து அதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. புதிய வல்லரசு மிதமிஞ்சித் தலையிடுவதால் வரும் தீங்கைப் போலவே, அது ஒதுங்கி நிற்பதாலும் தீங்கு வரும் என்கிறார் அவர். ஒரு குண்டு கூட வெடிக்காமலே கோடிக்கணக்கானவர்களின் வாழ்வு குலையலாம்.

இங்கே சில அடிப்படைச் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகின் வலு சில மையங்களில் குவிந்திருக்கும். அவற்றைத் துருவங்கள் என்கிறோம். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் என இரண்டு துருவங்கள் இருந்தன. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் சில ஆண்டுகள் அமெரிக்கா மட்டுமே துருவமாக நின்றது. இப்போது பல்துருவ உலகம் உருவாகிறது என்று சொல்லப்படுகிறது. அதிகாரச் சமநிலை என்பது எப்போதும் ஒப்பீட்டுக் கணக்கு. ஒரு நாடு ஏழையாகாமலே அதன் பங்கு குறையலாம், மற்றவர்கள் வேகமாக வளர்ந்தால் போதும்.

தலைமை என்பது வேறு கணக்கு. ஏரிப் பாசனத்தை நம்பிய ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள். கோடையில் ஏரியைத் தூர்வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும், மதகைப் பழுதுபார்க்க வேண்டும். குடிமராமத்தில் வேலை செய்தவர் வயலுக்கும் செய்யாதவர் வயலுக்கும் தண்ணீர் ஒன்றுபோலவே பாயும். ஆகவே சும்மா இருந்து பலனை மட்டும் பெறலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதிக நிலம் வைத்திருப்பவர் முன்நின்று ஆள் திரட்டினால் வேலை நடக்கும், ஏனென்றால் ஏரி உடைந்தால் அதிகம் இழப்பவர் அவர்தான். அவர் தர்மத்துக்காகச் செய்கிறார் என்று சொல்ல முடியாது. தன் வயலுக்கு முதல் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளவும் செய்வார். ஆனாலும் அவர் கைவிட்டால் கடைமடைக்காரருக்குத்தான் முதலில் பயிர் காயும்.

உலக அளவில் இப்படிப் பொதுவாகப் பேணவேண்டியவை பல. கடல்வழிகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் நம்பி வாங்கும் ஒரு நாணயம் வேண்டும். வர்த்தகத் தகராறுகளைத் தீர்க்க ஒரு பொது மன்றம் வேண்டும். ஓரிடத்தில் எழும் தொற்றுநோயை உடனே கண்டறியும் ஏற்பாடு வேண்டும். கிண்டில்பெர்கர் பெருமந்தத்தை ஆராய்ந்து மூன்று பொறுப்புகளை முதன்மையாக வைத்தார். உலகமே விலைவீழ்ச்சியில் தவிக்கும்போது, விற்காமல் தேங்கிய பொருள்களை வாங்கிக்கொள்ள ஒரு சந்தை திறந்திருக்க வேண்டும். நெருக்கடிக் காலத்திலும் வறண்டுபோகாத நீண்டகாலக் கடன் கிடைக்க வேண்டும். வங்கிகள் கவிழும் நாளில், யாருமே கடன் தர அஞ்சும் அந்த நாளில், தாராளமாகப் பணம் தரும் ஒருவர் இருக்க வேண்டும்.

1931: ஒரு வங்கி விழுந்த கதை

முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தப் பொறுப்புகளைப் பெருமளவு பிரிட்டன் செய்தது. அதன் சந்தை திறந்திருந்தது, லண்டன் உலகுக்கே கடன் கொடுத்தது, அதன் கடற்படை கடல்களைக் காவல் காத்தது. இதன் மறுபக்கத்தை நாம் மறக்கக் கூடாது. அந்தத் தலைமைக்கான செலவில் ஒரு பெரும்பங்கை இந்தியா போன்ற காலனிகள்தான் கட்டின. போர் முடிந்தபோது பிரிட்டன் அமெரிக்காவுக்குக் கடனாளியாக நின்றது. உலகுக்கே கடன் கொடுக்கும் பெரிய நாடாக உயர்ந்த அமெரிக்காவோ உள்நோக்கித் திரும்பிக்கொண்டது. 1919 நவம்பரில் அமெரிக்க செனட், போருக்குப் பிந்தைய சமாதான உடன்படிக்கையான வெர்சாய் ஒப்பந்தத்தை நிராகரித்தது. தன் அதிபர் உட்ரோ வில்சன் முன்னின்று உருவாக்கிய, ஐ.நா. சபையின் முன்னோடியான சர்வதேச சங்கத்திலேயே அமெரிக்கா சேரவில்லை.

1930 ஜூனில் அமெரிக்கா, ஸ்மூட்-ஹாலி சட்டத்தின் மூலம் இறக்குமதி வரிகளை உயர்த்தியது. அதிபர் ஹூவர் இதில் கையெழுத்திடக் கூடாது என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். அவர் கையெழுத்திட்டார். கனடா பதிலடி கொடுத்தது, மற்ற நாடுகளும் சுவர் எழுப்பின. முதல் பொறுப்பு, அதாவது திறந்த சந்தை, போனது.

1931 மே மாதம் ஆஸ்திரியாவின் மிகப்பெரிய வங்கியான கிரெடிட் அன்ஸ்டால்ட் தன் இழப்புகளை வெளியிட்டது. மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். சரியான நேரத்தில் போதுமான கடன் கிடைத்திருந்தால் அது ஒரு சிறிய நாட்டின் வங்கிச் சிக்கலாகவே முடிந்திருக்கலாம். ஆனால் பிரான்ஸ், ஜெர்மனியுடன் சுங்க ஒன்றியம் அமைக்கும் திட்டத்தை ஆஸ்திரியா கைவிட்டால்தான் உதவுவேன் என்று அரசியல் நிபந்தனை வைத்தது. இங்கிலாந்து வங்கி குறுகிய காலக் கடன் ஒன்றைக் கொடுத்தது. அதற்கு மேல் அதன் கையிலும் வலு இல்லை. பீதி ஜெர்மனிக்குத் தாவியது. ஜூலையில் அங்கே வங்கிகள் மூடப்பட்டன. பிறகு அது லண்டனையே தாக்கியது. செப்டம்பர் 21ஆம் தேதி பிரிட்டன், தன் நாணயத்துக்கு ஈடாகத் தங்கம் தரும் தங்க மாற்று முறையைக் கைவிட்டது.

நான்கே மாதங்களில் வியன்னாவிலிருந்து லண்டன் வரை எரிந்த நெருப்பை அணைக்க யாரும் இல்லை. 75 நாடுகளின் மாத இறக்குமதியைக் கூட்டிப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. 1929 ஜனவரியில் ஏறத்தாழ 300 கோடி டாலராக இருந்த அது, 1933 ஜனவரியில் 100 கோடிக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஜெர்மனியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 60 லட்சத்தை எட்டியது. 1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் அங்கே பிரதமரானார்.

இதை ஐரோப்பாவின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. பர்மாவில் நெல்விலை சரிந்ததும், செட்டியார்களிடம் கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர்களின் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடானது. அவர்கள் விரும்பிய விளைவு அன்று அது. நிலத்தை இழந்தவனுக்கும் பணத்தை இழந்தவனுக்கும் நடுவில் கசப்பு வளர்ந்தது; அந்தக் கசப்பு பின்னாளில் பர்மியத் தமிழர்கள் மீது விடிந்தது. மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தியக் கிராமங்களில் கடனும் வரியும் கட்ட வழியற்ற குடும்பங்கள் நகைகளை விற்றன. அந்தத் தங்கம் லண்டனுக்குப் போனது. வியன்னா எங்கே இருக்கிறது என்றே அறியாதவர்கள் அதற்கான விலையைக் கட்டினார்கள். உலகத் தலைமை பற்றிய பேச்சு எனக்கு வெறும் ராஜதந்திர விஷயமாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

போருக்குப் பின் கிடைத்த பாடம்

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடியபோது, 1931 எல்லோர் நினைவிலும் இருந்தது. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் அங்கே கருக்கொண்டன. அடுத்த ஆண்டு ஐ.நா. சபை பிறந்தது. மேற்கு ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா சுமார் 1,300 கோடி டாலர் செலவிட்டது. சோவியத் செல்வாக்கு பரவிவிடுமோ என்ற அச்சமும் அதற்குக் காரணம்.

அமெரிக்கத் தலைமையைப் பொற்காலமாகப் பாடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். 1953இல் ஈரானில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்ப்பதில் அதற்குப் பங்குண்டு. வியட்நாமில் அது நடத்திய போரை மறக்க முடியாது. 1971 ஆகஸ்ட் 15ஆம் தேதி, டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதை யாரையும் கேட்காமல் நிறுத்தியது. 2003இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதலின்றி ஈராக்கில் படையெடுத்தது. விதிகளைக் காப்பவர் என்ற அதன் பெயருக்கு விழுந்த அந்த அடி இன்றும் ஆறவில்லை. இருந்தும், 1931 மீண்டும் வராமல் தடுத்த முக்கியமான தருணங்களில் அது முன்நின்றது. 2008இல் உலக வங்கித் துறை ஆடியபோது, அமெரிக்க மத்திய வங்கி வெளிநாடுகளின் 14 மத்திய வங்கிகளுக்கு டாலர் கொடுக்கும் ஏற்பாடு செய்தது. சீனா 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. 2009 ஏப்ரலில் லண்டனில் கூடிய ஜி20 தலைவர்கள் 1.1 லட்சம் கோடி டாலர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். 1933இல் கைநழுவியது 2009இல் அதே நகரத்தில் கைகூடியது. பழைய வல்லரசும் புதிய வல்லரசும் ஒன்றாகத் தோள்கொடுத்த, அண்மைக் காலத்தின் பெரிய நிகழ்வு அது.

இன்று எங்கே இருக்கிறோம்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளில் உலகத் தொழில் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி அமெரிக்காவினுடையது. இன்று உலகப் பொருளாதாரத்தில் அதன் பங்கு சுமார் நான்கில் ஒன்று. 2000ஆம் ஆண்டில் 4 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சீனாவின் பங்கு இப்போது ஏறத்தாழ ஆறில் ஒன்று. இந்த எண்களில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. 1931இன் பிரிட்டனைப் போல இன்றைய அமெரிக்கா ஓட்டாண்டியாகிவிடவில்லை. நான்கில் ஒரு பங்கை வைத்திருக்கும் நாட்டுக்குத் தலைமை தாங்கும் வலு தாராளமாக இருக்கிறது. வற்றியிருப்பது அந்த நாட்டு வாக்காளரின் மனம். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் நீண்ட போர்கள், சீன இறக்குமதியால் மூடிய ஆலைகள், 2008இல் வங்கிகளைக் காப்பாற்றிய அரசு வீடிழந்தவர்களைக் காப்பாற்றாத கோபம், இவையெல்லாம் சேர்ந்து "உலகத்துக்காக நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்ற கேள்வியை வளர்த்தன. அந்தக் கேள்வி நியாயமற்றது என்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வேலை இழந்தவரிடம் என்னால் சொல்ல முடியாது.

ஆக, அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அன்று ஒருவரிடம் வலு இல்லை, இன்னொருவரிடம் மனம் இல்லை. இன்று அமெரிக்கா, சீனா இருவரிடமும் வலு இருக்கிறது, இருவரிடமும் மனம் இல்லை. இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. வலுவில்லாமையைக் கடன் கொடுத்துச் சரிசெய்யலாம். மனமில்லாமைக்கு அப்படி எளிய மருந்து கிடையாது.

இந்த மனமின்மை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு உலக வர்த்தக அமைப்பு நல்ல உதாரணம். 1995இல் தொடங்கிய அந்த அமைப்புக்கு ஏழு உறுப்பினர் கொண்ட மேல்முறையீட்டு அமர்வு ஒன்று இருந்தது. ஒரு வழக்கை விசாரிக்கக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அமர்வு தன் வரம்பை மீறுகிறது என்று குறைகூறிய அமெரிக்கா, பதவிக்காலம் முடிந்தவர்களின் இடத்தில் புதியவர்களை நியமிக்க ஒப்புதல் தர மறுத்தது. ஒபாமா காலத்தில் தொடங்கிய எதிர்ப்பு, டிரம்ப் காலத்தில் முழுத் தடையானது, பைடன் காலத்திலும் தொடர்ந்தது. ஒரு தனிமனிதரின் குணக்கேடாக இதைப் பார்ப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பரில் அமர்வில் ஒரே ஒருவர் மிஞ்சினார், அது செயலிழந்தது.

விளைவு என்ன? முதல் கட்டத்தில் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், விசாரிக்க ஆளில்லாததால் வழக்கு அப்படியே கிடக்கும். இந்தோனேசியா தன் நிக்கல் ஏற்றுமதித் தடை வழக்கில் 2022இல் இதைத்தான் செய்தது. இந்தியாவும் செய்தது. சர்க்கரைக்கும் கரும்புக்கும் தரும் உதவிகள் குறித்து பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்கில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. விரைவிலேயே ஆளில்லாத அமர்வில் இந்தியா மேல்முறையீடு செய்தது. கரும்பு விவசாயிக்கு அது அன்றைக்கு நிம்மதி. ஆனால் பூட்டிய நீதிமன்றம் எல்லோருக்கும் பூட்டியதுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்து, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் திணறியபோது, உறுதியான தீர்ப்புத் தரும் ஒரு மன்றம் உலகில் இல்லை.

பாதுகாப்பு அவையின் நிலையை அதிகம் விளக்கத் தேவையில்லை. உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்தை 2022 பிப்ரவரி 25ஆம் தேதி ரஷ்யாவே வீட்டோ செய்தது. காஸாவில் போர்நிறுத்தம் கோரும் தீர்மானங்களை அமெரிக்கா மீண்டும் மீண்டும் வீட்டோ செய்தது. இரண்டு பக்கத்திலும் பிணங்கள் விழுந்துகொண்டிருக்க, அவையில் கைகள் உயர்ந்து தாழ்ந்தன.

2022: இலங்கை கேட்ட கடன்

பணம் பற்றிய பொறுப்புகள் என்னவாயின என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டாம். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் உடனே செலவழிக்கக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டது என்று அந்நாட்டு நிதியமைச்சர் சொன்னார். எரிபொருள் வரிசைகள் கிலோமீட்டர் கணக்கில் நீண்டன, மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது. வரிக் குறைப்பு, ஒரே இரவில் இரசாயன உரத் தடை என அந்த ஆட்சியாளர்கள் செய்த தவறுகள் பெரியவை. ஆனால் தவறு செய்த நாடு வீழும்போது அதைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு எப்படி இருந்தது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

2021 மார்ச்சில் இலங்கை சீன மத்திய வங்கியுடன் 1,000 கோடி யுவான், அதாவது ஏறத்தாழ 150 கோடி டாலர் அளவுக்கு, தன் ரூபாயைத் தந்து யுவான் பெற்றுக்கொள்ளும் நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்திருந்தது. நெருக்கடி வந்ததும் அந்தப் பணத்தை எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனை அதில் இருந்தது. கையிருப்பு இருக்கும் நாட்டுக்கு அந்தப் பணம் எதற்கு? யாரும் கடன் தராத நாளில் கடன் தருவதுதான் தலைமை என்று கிண்டில்பெர்கர் சொன்னதை இந்த ஒரு நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; பணம் வைத்திருப்பதற்கும் பொறுப்பை ஏற்பதற்கும் உள்ள தூரம் விளங்கும்.

"சீனக் கடன் பொறி" என்று சொல்லி முடித்துவிடும் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. இலங்கை தனியார் சந்தையில் விற்ற டாலர் பத்திரங்களின் கடன் சீனக் கடனைவிடப் பெரியது. ஆனால் கடனைச் சீரமைக்க அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. ஒரு காலத்தில் பாரிஸ் கிளப் என்ற பணக்கார நாடுகளின் குழு 1956 முதல் இதைச் செய்துவந்தது. இப்போது பெரிய அளவில் கடன் கொடுக்கும் சீனா அதில் உறுப்பினர் இல்லை. இந்தியாவும் இல்லை. நாணய நிதியத்தின் அதிகாரிகள் 2022 செப்டம்பர் 1ஆம் தேதியே உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். கடன் தந்த நாடுகளின் உறுதிமொழிக்காகக் காத்திருந்து, நிதியத்தின் ஆட்சிக்குழு ஏறத்தாழ 300 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது 2023 மார்ச் 20ஆம் தேதி. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமையேற்ற குழுவோடும் சீன அரசின் ஏற்றுமதி-இறக்குமதி (எக்சிம்) வங்கியோடும் தனித்தனியே பேசி, இறுதி ஒப்பந்தங்கள் கையெழுத்தானது 2024 ஜூன் மாதம். திவால் அறிவித்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு எந்த ஒப்பந்தமும் ஈடு செய்யாது.

அந்த முதல் மாதங்களில் தாங்கிப் பிடித்தது இந்தியா. எரிபொருள், உணவு, மருந்துக் கடன்களும் நாணயப் பரிமாற்றமும் சேர்த்து 2022இல் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப முன்வந்தது. கடன் சீரமைப்புக்கு ஒத்துழைப்பதாக முதலில் உறுதிமொழி எழுதிக் கொடுத்ததும் இந்தியாதான், 2023 ஜனவரியில். சீனச் செல்வாக்கைப் பற்றிய கணக்கும் அதில் இருந்தது. இருக்கட்டும். கணக்கு இருந்தாலும் அரிசி போய்ச் சேர்ந்தது.

ஒரு தலைவர் இல்லாமல் முடியாதா?

கிண்டில்பெர்கரின் கருத்தை எல்லோரும் ஏற்பதில்லை. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கியோஹேன், ஒரு வல்லரசு உருவாக்கிய அமைப்புகள் அந்த வல்லரசு தளர்ந்த பிறகும் தாக்குப்பிடிக்கும் என்று 1980களில் வாதிட்டார். விதிகளால் எல்லோருக்கும் பலன் இருந்தால், காவலர் இல்லாமலும் அவற்றைப் பேணும் விருப்பம் இருக்கும் என்பது அவர் தரப்பு. அதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஆனாலும் அதே ஆண்டு மே மாதம் மற்ற நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை நிறைவேற்றின. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல்களைப் பாதுகாக்கும் ஒப்பந்தம், 2025 செப்டம்பரில் தேவையான 60 நாடுகளின் ஏற்பைப் பெற்றது.

என் பார்வையில் இங்கே ஒரு பிரிவினை தேவை. விதிகளை எழுதுவதையும் மன்றங்களை நடத்துவதையும் பல நடுத்தர நாடுகள் சேர்ந்து செய்ய முடியும். அதற்குப் பொறுமை போதும். பெரும் பணம் ஒரே இரவில் வேண்டும் என்கிற வேலை வேறு. எச்.ஐ.வி. மருந்துக்கு 2003 முதல் அமெரிக்கா கொடுத்துவந்த நிதி தடுமாறியபோது, ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் அந்த இடத்தை உடனே நிரப்ப வேறு நாடு முன்வரவில்லை. டாலர் நெருக்கடி வந்தால் அமெரிக்க மத்திய வங்கியின் ஏற்பாட்டில் இடம்பெறும் சில நாடுகள் தப்பிக்கலாம். 2008இலும் 2020இலும் அந்தப் பட்டியலில் இந்தியாவே இல்லை, இலங்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சீனாவின் தயக்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தான் எழுதாத விதிகளுக்குத் தான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. நாணய நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 விழுக்காடு இருப்பதால், அது ஒன்று நினைத்தாலே தடுத்துவிடலாம். வளரும் நாடுகளுக்குச் சற்றுக் கூடுதல் வாக்குத் தர 2010இல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 2015 டிசம்பர் வரை கிடப்பில் போட்டது. அதற்குள் சீனா தன் தலைமையில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியைத் தொடங்கத் தயாராகிவிட்டது. நாற்காலி தராமல் சுமையை மட்டும் தா என்று யாரிடமும் கேட்க முடியாது.

இதே நியாயத்தை இந்தியாவும் பேசுகிறது, பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்கிறது. 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அந்த அவையில் நிரந்தரமாக இல்லாதது அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மூச்சில், நாற்காலி கிடைப்பதற்கு முன்பே எந்தச் சுமைகளை ஏற்கத் தயார் என்றும் நாம் நம் அரசைக் கேட்கலாம். வர்த்தக மேல்முறையீட்டு அமர்வு செயலிழந்தபின், ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் பிரேசிலும் ஆஸ்திரேலியாவும் வேறு பல நாடுகளும் சேர்ந்து, தங்களுக்குள் மட்டுமாவது தீர்ப்பு செல்லுபடியாகும் ஒரு மாற்று மன்றத்தை 2020இல் அமைத்தன. பிறகு ஜப்பான் வந்தது, பிரிட்டனும் மலேசியாவும் வந்தன. அமெரிக்கா இல்லாமலே அது நடந்துகொண்டிருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை.